அரிசி அளவு பேஸ்ட்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கிராம்பு வாசனை அடிக்கிற கிடங்குகள் இன்னும் உண்டு. இந்தப் பக்கத்து வீடுகளில் குழந்தை பல் வலி என்று அழுதால் பெரியவர்களின் கை முதலில் கிராம்பு டப்பாவுக்குத்தான் போகும். வளர்ந்தவர்களுக்கு அது ஓரளவு உதவும். கிராம்பில் உள்ள யூஜெனால் வலியை மரத்துப்போக வைக்கும். பல் மருத்துவர்களே தலைமுறை தலைமுறையாக அதை மருந்துக் கலவையில் சேர்த்து வந்திருக்கிறார்கள். சின்னக் குழந்தைக்கு மட்டும் கிராம்பு எண்ணெய் வேண்டாம். ஈறைப் பொசுக்கும், விழுங்கிவிட்டால் ஆபத்து. அதோடு, வலிக்கிறது என்று ஒரு குழந்தை சொல்லும் நேரத்தில் சொத்தை எனாமலைத் தாண்டி உள்ளே வெகுதூரம் போயிருக்கும். அங்கிருந்து தொடங்கும் வைத்தியம் எல்லாமே செலவு. அதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால் மிகக் குறைந்த காசில் செய்யக்கூடிய காரியங்கள் சில இருக்கின்றன. பலரும் செய்வதில்லை, ஏனென்றால் யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை.

ஃபோர்ட் கொச்சியின் வேலிப் பகுதியில், டோபிகானாவுக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு தம்பியோடு இதைப் பேசிக்கொண்டிருந்தேன். டோபிகானாவில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் டச்சுக்காரர் காலத்தில் இங்கே வந்தவர்கள் என்பார்கள். அவர் அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர், அயர்ன் வேலை. மகளுக்கு மூன்று வயது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பழுப்பேறி ஓரம் உதிர ஆரம்பித்திருந்தன. கீழ்வரிசை மட்டும் பளிச்சென்று இருந்தது.

"பால் பல்லுதானேண்ணா? எப்படியும் விழுந்து முளைக்கத்தானே போகுது?" என்று கேட்டார்.

எல்லோரும் கேட்பது இதைத்தான். பதிலையும் முழுதாகச் சொல்ல வேண்டும். ஆறு மாதத்தை ஒட்டி முதல் பல் எட்டிப்பார்க்கிறது. மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடுகின்றன. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழுந்துவிடும் என்பது சரி. பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை நிற்க வேண்டியவை. பள்ளிக்கூடக் காலத்தில் பாதிக்கு மேல் குழந்தை சோறு மெல்லுவது அவற்றால்தான். சொத்தை உள்ளே இறங்கினால் குழந்தை ஒரு பக்கமாகவே மெல்லும், பிறகு மெல்லுவதையே குறைக்கும். ராத்திரி தூக்கம் கெடும். ஈறில் சீழ் கட்டும். அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சரிந்து, கீழே காத்திருக்கும் நிரந்தரப் பல் கோணலாக முளைக்கும். பால் பல்லில் சொத்தை வந்த குழந்தைக்கு நிரந்தரப் பல்லிலும் வரும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் வாய் அதே வாய், பழக்கமும் அதே பழக்கம்.

செலவைப் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தை பல் நாற்காலியில் வாயைத் திறந்து அசையாமல் உட்காராது. பல பற்கள் கெட்டிருந்தால் மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டிவரும். தனியார் ஆஸ்பத்திரியில் அதன் பில் ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தைத் தின்றுவிடும். இது ஒன்றிரண்டு வீட்டுக் கதையும் இல்லை. இந்தியப் பல் மருத்துவ மன்றம் 2002-03-இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கில், ஐந்து வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதம் பேருக்குச் சொத்தை இருந்தது. பாதிக்கு மேல்.

சரி, சொத்தை எப்படி வருகிறது? பூச்சி அரிக்கிறது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். புழு எதுவும் இல்லை; கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள்தான். பல்லின் மேல் மாவு மாதிரி ஒரு படலம் படிகிறதே, அதில் அவை குடியிருக்கின்றன. நாம் தின்னும் சர்க்கரையை அவையும் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலத்தால் வாயின் பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து சுண்ணச்சத்து கரைய ஆரம்பிக்கிறது. பிறகு எச்சில் வந்து அமிலத்தை மட்டுப்படுத்தி, கரைந்ததில் கொஞ்சத்தைத் திரும்பப் பல்லிலேயே சேர்க்கிறது. இதற்கு அரை மணி நேரமாவது ஆகும். கரைவதும் சேர்வதும் எல்லார் வாயிலும் தினமும் நடக்கிறது. கரைவதே மாசக்கணக்கில் ஜெயித்துக்கொண்டிருந்தால் குழி விழும்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பது முக்கியம். சோற்றோடு ஒரே தடவையாகப் பாயசம் குடித்த குழந்தையின் வாய் ஒரு முறைதான் அமிலமாகிறது. அதே அளவு இனிப்பை ஒரு பிஸ்கட், ஒரு மிட்டாய், இரண்டு வாய் டீ என்று நாள் முழுக்கத் தின்னும் குழந்தையின் எச்சிலுக்கு மூச்சுவிட நேரமே கிடைப்பதில்லை. இது ஊகமில்லை. ஸ்வீடனில் லுண்ட் நகரத்தை ஒட்டிய விபெஹோல்ம் மனநல மருத்துவமனையில் 1940-களின் பிற்பாதியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒட்டிப்பிடிக்கும் டாஃபியைச் சாப்பாட்டுக்கு இடையில் தொடர்ந்து கொடுத்தவர்களுக்குப் பல் மளமளவென்று கெட்டது. சாப்பாட்டோடு சர்க்கரை தின்றவர்களுக்கு அவ்வளவு கெடவில்லை. சம்மதம் சொல்ல முடியாத நோயாளிகளின் பல்லைக் கெடுத்துத் தெரிந்துகொண்ட உண்மை அது. அப்படிச் செய்தது பெரிய அநியாயம், இன்று எந்த நாடும் அனுமதிக்காது. ஆனால் அந்த முடிவிலிருந்து ஸ்வீடன் மக்கள் ஒரு வழக்கத்தை வளர்த்துக்கொண்டார்கள்: பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும். ஒரு வாரத்து ஆசையை ஒரே நாளில் தீர்த்துக்கொள்ளலாம். மிட்டாயே கிடையாது என்று சொல்லும் வீட்டைவிட இந்த ஏற்பாடு நடைமுறைக்கு ஒத்துவருவது. மட்டாஞ்சேரியில் குஜராத்தி தெரு மிட்டாய்க்கடைகளைத் தாண்டித்தான் பல பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு போ என்று சொல்ல முடியுமா?

தம்பியின் மகளுக்கு மேல்பல் மட்டும் கெட்டு, கீழ்ப்பல் தப்பியது ஏன் என்று அவருக்கு ஆச்சரியம். "பால் பாட்டிலோடதான் தூங்குவாளா?" என்று கேட்டேன். "ஆமாண்ணா, சர்க்கரை போட்டுக் குடுத்தாத்தான் தூங்குவா" என்றார். குழந்தை பாட்டிலைச் சப்பும்போது நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொள்கிறது. கீழ்ப்பக்கம் எச்சில் சுரப்பும் பக்கத்திலேயே இருக்கிறது. மேல் முன்பற்களைச் சுற்றித்தான் பால் தேங்கி நிற்கும். தூங்கிய பிறகு எச்சில் வெகுவாகக் குறைந்துவிடும், கழுவிவிட ஆள் இல்லை. விடியவிடிய அந்த நான்கு பற்களும் இனிப்பில் ஊறுகின்றன. மேல்பல் கெட்டு, கீழ்ப்பல் நன்றாக இருந்தால் ராத்திரி பாட்டிலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பாட்டிலை ஒரே நாளில் நிறுத்தினால் வீடு ரெண்டாகிவிடும். முதல் வாரம் சர்க்கரையைப் பாதியாக்குங்கள், அடுத்து சர்க்கரை இல்லாத பால், பிறகு தண்ணீர் கலந்த பால், கடைசியில் வெறும் தண்ணீர். ஒரு வயதைத் தாண்டியதும் டம்ளருக்குப் பழக்கலாம். தாய்ப்பாலை நினைத்து எந்த அம்மாவும் பயப்பட வேண்டாம். இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பல் வந்த பிறகு ராத்திரி பல் துலக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். குழந்தைக்குக் கொடுக்கும் இருமல், காய்ச்சல் சிரப்பிலும் சர்க்கரை இருக்கும். அங்கன்வாடியில் தரும் அமிர்தம் பொடியிலும் சர்க்கரை ஒரு சேர்மானம். குடும்பஸ்ரீ பெண்கள் தயாரிக்கும் அந்தப் பொடி சத்தானது, அதை நிறுத்தச் சொல்லவே மாட்டேன். வேளைச் சாப்பாடாகக் கொடுங்கள், மேலே இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போடாதீர்கள், பிறகு கொஞ்சம் தண்ணீர் குடிக்க வையுங்கள்.

இன்னொரு காரியத்துக்குக் காசே வேண்டாம். மாதம் ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில் குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிப் பல்லில் சுண்ணாம்பு பூசினமாதிரி வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் முதல் கட்டம். அந்தக் கட்டத்தில் குழி விழுந்திருக்காது. பல் பழைய நிலைக்குத் திரும்ப முடியும். பழுப்பாகிக் குழி விழுந்த பிறகு தானாகத் திரும்பாது.

அந்த வெள்ளைக் கோட்டைத் திருப்பிக் கொண்டுபோகும் வேலையை எச்சிலோடு சேர்ந்து செய்வது ஃபுளோரைடு. இதைச் சொன்னதும் தம்பி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "அது விஷம்னு வாட்ஸ்அப்புல வந்துச்சேண்ணா. எங்க சொந்தக்காரங்க தருமபுரியில இருக்காங்க, அங்க பல்லெல்லாம் மஞ்சக்கறையா இருக்கும்."

அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்தால் எலும்பே வளையும் என்பதை 1937-இல் உலகத்துக்குச் சொன்னதே அன்றைய சென்னை மாகாணம்தான். நெல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஷார்ட் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் கண்டு எழுதினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீர் கொண்டுபோகும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது இந்தக் கொடுமைக்காகத்தான். நமக்குப் பக்கத்து மாவட்டமான ஆலப்புழையில் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுதி. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் பிள்ளைகளின் பல் பழுப்புக் கறையோடு இருந்தது. அதற்குத் தண்ணீரிலுள்ள ஃபுளோரைடுதான் காரணம் என்று 1931-இல் தெரிந்தது. அதே பிள்ளைகளுக்குச் சொத்தை குறைவு என்பதையும் கவனித்திருந்தார்கள். கறை விழாத, ஆனால் சொத்தையைத் தடுக்கிற அளவு எது என்று தேடி, 1945-இல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரக் குடிநீரில் முதன்முதலாகச் சேர்த்தார்கள். பதினோரு வருஷத்தில் அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் சொத்தை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது.

ஆக, கேள்வி அளவைப் பற்றியது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒரு அரிசி அளவு பேஸ்ட் போதும். அது ஏறக்குறைய 0.1 கிராம். 1000 பிபிஎம், அதாவது கிராமுக்கு ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள பேஸ்டில் அந்த அரிசி அளவுக்குள் இருக்கும் ஃபுளோரைடு 0.1 மில்லிகிராம். காலையும் ராத்திரியும் துலக்கி, துப்பத் தெரியாமல் முழுவதையும் விழுங்கினாலும் 0.2 மில்லிகிராம்தான். ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடு வரை இருக்கும் தண்ணீரைக் குடிநீராக ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அப்படிப்பட்ட தண்ணீர் ஒரு டம்ளர் குடித்தால் உள்ளே போவதும் இதே அளவு. கொச்சிக்கு வரும் பெரியாற்று, மூவாற்றுப்புழைத் தண்ணீர் ஆற்றுத் தண்ணீர். அதில் ஃபுளோரைடு பொதுவாகச் சொற்பம். அதனால் இங்கே பேஸ்டில் கிடைப்பது பல்லுக்குத் தேவையாகவே இருக்கிறது. ஒரு எச்சரிக்கை உண்டு. முழு ட்யூபையும் இனிப்பு மாதிரி தின்றால் குழந்தைக்கு ஆபத்து. ட்யூபைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், பிரஷ்ஷில் பேஸ்ட் வைப்பது எப்போதும் பெரியவர் கையாக இருக்கட்டும். மூன்றிலிருந்து ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு.

கடையில் பேஸ்ட் வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி பேஸ்டில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது, இருந்தால் எவ்வளவு என்று ட்யூபிலும் அட்டையிலும் போட வேண்டும். படம் போட்ட, ஸ்ட்ராபெர்ரி வாசனைக் குழந்தை பேஸ்ட்கள் பலவற்றில் ஃபுளோரைடு இதில் பாதிதான் இருக்கிறது. சிலவற்றில் இல்லவே இல்லை. விலை மட்டும் அதிகம். 1000-ஐ ஒட்டிய அளவு இருந்தால்தான் சொத்தை குறைகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பெரியவர்கள் தேய்க்கும் சாதாரண ஃபுளோரைடு பேஸ்டே குழந்தைக்கும் போதும், அரிசி அளவில். தினம் இரண்டு வேளை என்றால் வருஷத்துக்கு 73 கிராம். நூறு ரூபாய்க்குள் வாங்கும் 100 கிராம் ட்யூபில் மிச்சமே இருக்கும். பட்டாணி அளவுக்கு வந்தபிறகு வருஷத்துக்கு இரண்டு ட்யூப்.

பாட்டிமார் உமிக்கரியில் தேய்த்தே எண்பது வயதுவரை பல்லோடு இருந்தார்களே என்று இங்கே பலர் கேட்பார்கள். இருந்தார்கள்தான். அவர்கள் பிள்ளையாக இருந்தபோது கையில் பிஸ்கட் பாக்கெட் இல்லை. இனிப்பு பண்டிகைக்கு வந்தது. உமிக்கரி அழுக்கை எடுக்கும், ஆனால் சொரசொரப்பு. தினமும் அழுத்தித் தேய்த்தால் எனாமலும் தேயும். ஃபுளோரைடும் அதில் இல்லை. இன்றைய தீனியோடு மோத உமிக்கரியால் ஆகாது.

"ஒரு தடவை பல்லுல ஏறிட்டா போதாதா, தினமும் எதுக்கு?" என்றார் தம்பி. அவர் தொழிலை வைத்தே சொன்னேன்: துணிக்குப் போட்ட கஞ்சி ஒரு துவைப்போடு போய்விடுகிறது, மறுபடி போட்டால்தான் விறைப்பு. ஃபுளோரைடும் பல்லின் மேற்பரப்பிலும் எச்சிலிலும் இருக்கும்வரைதான் காவல். அதனால்தான் ராத்திரி துலக்குவது காலையைவிட முக்கியம். தூக்கத்தில் அது வாயிலேயே தங்கும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், சொம்பு சொம்பாகக் கொப்பளித்தால் வேலை செய்ய வேண்டியதே போய்விடுகிறது. பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம்.

யார் துலக்குவது? ஏழெட்டு வயதுவரை பெரியவர்கள்தான். அதுவரை குழந்தையின் விரலுக்கு அந்த நுணுக்கம் வராது. குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைத் தொடை மேல் சாய்த்து, மேலிருந்து பார்த்தபடி துலக்குங்கள். எல்லாப் பல்லும் தெரியும். இரண்டு நிமிஷம். ஆரம்பத்தில் அழும், சில வாரத்தில் பழகிவிடும்.

வீட்டுக்கு வீடு சொல்லித் தருவதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது, அதை நம் ஊர் இன்னும் சரியாகக் கையில் எடுக்கவில்லை என்பது என் வருத்தம். ஸ்காட்லாந்தில் 'சைல்ட்ஸ்மைல்' திட்டத்தில் நர்சரிப் பிள்ளைகள் எல்லாரும் ஆசிரியர் பார்வையில் தினம் ஒரு முறை ஃபுளோரைடு பேஸ்டில் துலக்குகிறார்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய 18 லட்சம் பவுண்டு செலவு. எட்டாவது வருஷத்தில் சிகிச்சையில் மிச்சமானது அந்தச் செலவைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். பணக்கார நாடு, நமக்கு ஆகுமா என்று கேட்டால் பிலிப்பைன்ஸைப் பாருங்கள். அங்கே 2006 கணக்கெடுப்பில் ஆறு வயதுப் பிள்ளைகளில் 97 சதவீதம் பேருக்குச் சொத்தை. பள்ளியில் தினமும் சோப்பால் கை கழுவுதல், ஃபுளோரைடு பேஸ்டில் துலக்குதல், வருஷத்துக்கு இரண்டு முறை பூச்சி மாத்திரை, மூன்றையும் சேர்த்து ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு அரை டாலர் அளவுப் பொருட்செலவில் நடத்திக் காட்டினார்கள்.

கேரளத்தில் 33,000 அங்கன்வாடிகளுக்கு மேல் இருக்கின்றன. மூன்றிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகள் அங்கே மதியம் சாப்பிடுகிறார்கள், கை கழுவுகிறார்கள். பெயர் எழுதிய பிரஷ், ஒன்றோடொன்று தொடாமல் மாட்ட ஒரு தட்டி, எல்லாருக்குமாக ஒரு பெரிய பேஸ்ட் ட்யூப் இருந்தால் போதும்; டீச்சர் ஒவ்வொரு பிரஷ்ஷிலும் பட்டாணி அளவு வைக்க வேண்டும். புதிய கட்டடம் வேண்டாம், பல் மருத்துவர்கூட வேண்டாம். மருத்துவரைப் பிள்ளைகளிடம் கொண்டுவர வழியும் ஏற்கனவே இருக்கிறது: 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரமத்தில் பார்க்க வேண்டிய கோளாறுகளின் பட்டியலில் பல் சொத்தையும் உண்டு. அங்கன்வாடி டீச்சரிடமோ ஆஷா சகோதரியிடமோ அடுத்த பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். கேட்பவர் கூடக்கூடத்தான் அது காகிதத்திலிருந்து வாய்க்கு வரும்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு பெயர்களைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒன்று ஃபுளோரைடு வார்னிஷ். ஒரு சின்ன பிரஷ்ஷால் பல்லில் பூசுவது, சில நிமிஷ வேலை, ஊசி இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பூசினால் பால் பற்களின் சொத்தை சராசரியாக 37 சதவீதம் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை 2013-இல் சொன்னது. இன்னொன்று சில்வர் டயமின் ஃபுளோரைடு. ஜப்பானில் 1970-களிலிருந்தே புழங்கும் மருந்து. 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது. குழி விழுந்த இடத்தில் ஒரு சொட்டு தொட்டு வைத்தால் சொத்தை அதற்கு மேல் போகாமல் பெரும்பாலும் நின்றுவிடும். ட்ரில் இல்லை, மயக்க மருந்து இல்லை. அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துப்போகும் என்பதுதான் அதில் உள்ள குறை. தம்பியின் மகளுக்கு இது பொருந்துமா என்பதை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கறுக்கும் என்றால் மனைவி முகம் சுளிப்பார் என்று தம்பி தயங்கினார். தயக்கம் புரிகிறது. ஆனால் மூன்று வருஷத்தில் விழப்போகிற பல் கறுப்பாக, வலி இல்லாமல் இருப்பதா, குழந்தையை மயக்கத்தில் படுக்கவைப்பதா என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து யோசியுங்கள் என்றேன்.

"அப்புறம் ஆறு வயசுல வேற பல்லு வருமாண்ணா?" என்று எழுந்துகொண்டே கேட்டார். வரும், அதைத்தான் எல்லாரும் கோட்டைவிடுகிறார்கள். எந்தப் பால் பல்லும் விழாமலேயே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் நான்கு நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் சத்தமில்லாமல் முளைக்கும். பால் பல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள்; அவற்றின் ஆழமான பள்ளங்களில்தான் சொத்தை முதலில் பிடிக்கும். ஆறாவது பிறந்தநாள் வந்ததும் டார்ச் அடித்துப் பின்னால் பாருங்கள். தலை நீட்டியிருந்தால் அந்தப் பள்ளங்களை அடைத்துவிட முடியுமா என்று அரசு ஆஸ்பத்திரிப் பல் பிரிவில் கேளுங்கள். சீலன்ட் என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும்.